வழியனுப்பும் ஊர்கள்

(மயிலாடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1816ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்த மயிலாடியை விட்டு ஒரு மனிதர் கிளம்பிப் போனார். பெயர் வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே. பிரஷ்யாவில் 1770இல் பிறந்தவர். லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராக 1804 டிசம்பரில் தரங்கம்பாடியில் இறங்கி, அங்கேயே தமிழ் படித்து, 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809இல் இங்கே ஒரு சிற்றாலயம் எழும்பியது. பாளையங்கோட்டைக்கும் மயிலாடிக்கும் உதயகிரிக்குமாக அலைந்த அந்தப் பத்தாண்டில், கைக்கு வந்த சம்பளத்தைத் தம்மை நம்பி வந்த ஏழைகளுக்கே செலவழித்தார். அவர் உடம்பில் ஐரோப்பியத் துணி என்று சொல்ல அநேகமாக எதுவும் இருக்காது, நண்பர்கள் யாராவது கொடுத்தால்தான் ஒரு கோட்டு என்று பாளையங்கோட்டையில் பாதிரியாராக இருந்த ஜேம்ஸ் ஹஃப் எழுதிவைத்திருக்கிறார்.

உடல்நலம் கெட்டுப்போன நிலையில் அவர் ஊரை விட்டார். போகும்போது தம் அங்கியை உள்ளூர்க்காரரான வேதமாணிக்கத்துக்கு அணிவித்துப் பொறுப்பை ஒப்படைத்தார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. சென்னையில் அவரைப் பார்த்தவர்கள் உண்டு, கொழும்பில் பார்த்தவர்கள் உண்டு. அதற்கு அப்பால் அவர் என்ன ஆனார் என்பதை எந்த வரலாற்றாசிரியரும் உறுதியாகச் சொன்னதில்லை.

அவர் மறைந்துபோன மர்மத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இந்தப் பேச்சு அவரை அனுப்பிவைத்த ஊரைப் பற்றியது. அவர் போனபின் அடுத்த மிஷனரியான சார்லஸ் மீட் வந்து சேர 1818 ஆகிவிட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மயிலாடியையும் சுற்றுவட்டாரச் சபைகளையும் கட்டிக் காத்தவர் வேதமாணிக்கம்தான். ஒருவரை அன்போடு தங்கவைத்த ஊர், அவர் போனபிறகும் தன் காலில் நின்றது.

அந்த வேதமாணிக்கமே ஒரு நெடுநடைக்காரர். அவருடைய பழைய பெயர் மகாராசன். 1800க்குச் சற்று முன்னால், சிவபக்தராக, இந்த ஊரிலிருந்து சிதம்பரத்துக்கு நடந்து போனார். 400 கிலோமீட்டருக்கு மேல் வரும் பாதை. போன இடத்தில் மனம் நிறையவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அங்கே கோல்ஹாஃப் பாதிரியாரின் பேச்சைக் கேட்டு மதம் மாறி வேதமாணிக்கம் ஆனார். தஞ்சாவூரில் அவருக்கு உறவு இருந்தது, புதிதாகக் கிடைத்த சபையின் ஆதரவு இருந்தது. மயிலாடியில் காத்திருந்தது எதிர்ப்பு. தஞ்சாவூரிலேயே இருந்திருக்கலாம். ஆனால் ஊருக்குத் திரும்ப நடந்தார். நல்லபடியாக நடத்திய ஓர் ஊரை விட்டுவிட்டுக் கடினமான ஊரை நோக்கி ஒருவர் எடுத்து வைத்த அடிகள் அவை. இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்வி வரலாறும் சமூக வரலாறும் அந்த அடிகளுக்குக் கடன்பட்டிருக்கின்றன.

நடைப்பயணத்தில் எது கடினம் என்று கேட்டால் மலை, மழை, கொப்புளம் என்பார்கள். நீண்ட தூரம் நடந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நல்ல ஊரை விட்டுக் கிளம்புகிற காலைதான் கடினம் என்பார்கள். இதை விரிவாகப் பேசிவைத்திருப்பவர்கள் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையில் நடப்பவர்கள். ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை 14 மாநிலங்களைக் கடந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் ஓடுகிற பாதை அது. ஒரே பயணத்தில் அதை முழுதும் நடந்ததாகப் பதிவான முதல் மனிதர் எர்ல் ஷாஃபர், ஆண்டு 1948. இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் தொடங்குகிறார்கள், ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் முடிக்கிறார். வர்ஜீனியாவில் டமாஸ்கஸ் என்றும் வட கரோலினாவில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்றும் இரண்டு சிற்றூர்கள் உண்டு. பாதை அந்த ஊர்களின் கடைத்தெரு வழியாகவே போகிறது. முதுகில் மூட்டையோடு வருகிறவனைப் பார்த்ததும் கடைக்காரர் பெயர் கேட்பார், யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். ஒரு நாள் என்று வந்தவர்கள் மூன்று நாள், நான்கு நாள் தங்கிவிடுகிறார்கள். சிலருக்கு நடை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதற்கு மனம் மட்டும் காரணமில்லை. மலைப்பாதையில் ஊர் எங்கே அமையும்? ஆறு ஓடும் பள்ளத்தாக்கில், சாலை வந்து சேரும் தாழ்வில். ஆகவே ஊருக்குள் வருவது இறக்கம், ஊரை விட்டுப் போவது ஏற்றம். வரும்போது மூட்டையில் உணவு தீர்ந்திருக்கும். போகும்போது அடுத்த நான்கைந்து நாளைக்கான சாப்பாடு, நாளுக்கு முக்கால் கிலோவுக்கும் குறையாமல், முதுகில் ஏறியிருக்கும். ஓய்வெடுத்த தசை இறுகிக் கிடக்கும். ஆக, பயணத்திலேயே கனமான சுமையோடு, செங்குத்தான ஏற்றத்தில், விறைத்த காலோடு நடக்க வேண்டிய வேளை, அன்பான ஊரிலிருந்து கிளம்பும் வேளையாக அமைந்துவிடுகிறது.

நம்மவர் பாதைகளில் இதற்கு மிக நெருக்கமானது ஈழத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை போகும் பாதயாத்திரை. கிழக்குக் கரையோரமாகத் திருகோணமலை, வெருகல், மண்டூர், திருக்கோவில், பொத்துவில் என்று கோயில் கோயிலாகப் போகிறது. ஒன்றரை மாதத்துக்கும் மேல் ஆகும். போரின் நடுவே நின்றும் தொடர்ந்தும் வந்த பாதை அது. வழியில் கிழக்கிலங்கைத் தமிழ் ஊர்கள் அடியார்களை உட்காரவைத்துச் சோறு போடுகின்றன. போரில் வீடும் உறவும் இழந்த குடும்பங்கள் அந்த ஊர்களில் இருந்தன, இன்றும் இருக்கின்றன என்பதை நாம் மறக்கக்கூடாது. அப்படிப்பட்ட வீட்டுத் திண்ணையில்தான் யாத்திரிகரின் இலை விரிகிறது.

கடைசியில் உகந்தை வருகிறது. கடலோரப் பாறையடியில் முருகன் கோயில். அதற்கு அப்பால் கூமுனைக் காடும் யால காடும். அரசு காட்டுப்பாதையைத் திறக்கும் நாள்வரை எல்லோரும் அங்கே காத்திருப்பார்கள். சமையல் நடக்கும், பஜனை நடக்கும், வழியில் பழகியவர்கள் குடும்பம்போல் ஆகிவிடுவார்கள். பாதை திறந்ததும் ஒவ்வொருவரும் சில நாளைக்கான அரிசியையும் பருப்பையும் தலையில் ஏற்றிக்கொண்டு கும்புக்கன் ஆற்றை நோக்கிக் கிளம்ப வேண்டும். தண்ணீர் கிடைக்கும் இடம் சிலவே, யானையும் கரடியும் உலவும் காடு. அந்தக் காலையில் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு நடை ஓடாது. வயதில் மூத்த சுவாமிமார் முதலில் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார்கள். மற்றவர்கள் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்வார்கள். கிளம்புவதற்கு இதைவிட நல்ல உபாயம் யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

விருந்தோம்பிய பழைய அமைப்புகள் இந்தக் கிளம்பலை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருந்தன. ஸ்பெயினில் சந்தியாகோ யாத்திரைப் பாதையில் உள்ள பொதுத் தங்குமனைகளில், நோயாளியாக இருந்தாலொழிய, ஒரே இரவுதான். காலை எட்டு மணிவாக்கில் படுக்கையை விட்டுவிட வேண்டும், அடுத்து வருகிறவருக்கு அது வேண்டும். தஞ்சை மன்னர் சரபோஜி, இராமேசுவரச் சாலையில் தம் முன்னோர் கட்டிய சத்திரங்களைப் பற்றி 1801இல் ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களின் வருமானத்தில் கைவைத்துவிடாதீர்கள் என்ற வேண்டுதலே அதன் உயிர். வருகிறவர்களுக்கு உணவு, நோயுற்றால் மருந்து, பாம்புக்கடிக்கு வைத்தியர், அநாதையாகிவிட்ட பிள்ளைக்குப் படிப்பு என்றெல்லாம் அடுக்குகிறார். சத்திரத்தில் பிள்ளை பெற்ற பெண் பேறுகாலத்துக்குப் பின் மூன்று மாதம் தங்கலாம் என்கிறார். மூன்று மாதம்! வழிப்போக்கரில் யாருக்கு எவ்வளவு ஓய்வு தேவை என்று உடம்பைப் பார்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பிள்ளையோடு மீண்டும் சாலையில் இறங்கும் தெம்பு அவளுக்கு வந்தாக வேண்டும் என்ற கரிசனம் அது.

நாஞ்சில் நாட்டில் இந்தக் கரிசனத்தைக் கல்லிலேயே செய்துவைத்தார்கள். சுமைதாங்கியை இங்கே எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காக வைத்தது. பிள்ளைப்பேற்றின்போது, வயிற்றுச் சுமை இறங்காமலே இறந்த பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். அதன் உயரத்தைக் கவனியுங்கள். ஏறக்குறைய ஆளின் தோள்மட்டம். ஏன் அந்த உயரம்? புத்தளம் உப்போ, கருப்பட்டியோ, மீனோ நிறைந்த ஓலைக்கடவத்தைத் தலையில் சுமந்து வருகிறவள் அதைத் தரையில் இறக்கிவிட்டால், மறுபடி தலையில் ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். நடுவழியில் ஆளுக்கு எங்கே போவாள்? சுமைதாங்கியில் வைத்தால் தலையைச் சாய்த்தாலே சுமை கல்லுக்கு நகர்ந்துவிடும். தண்ணீர் குடித்து, சும்மாட்டைச் சரிசெய்து, சுமைக்கு அடியில் தலையைக் கொடுத்து, சுமையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டால் போதும், யார் துணையும் இல்லாமல் அவள் கிளம்பிவிடலாம். இறக்கிவைக்கிற வசதியைப் பற்றியே பேசுகிறோம். மறுபடி ஏற்றிக்கொள்கிற வசதிக்காகத்தான் அந்த உயரம்.

அருகே வழியம்பலம் இருக்கும். கல்தூண், கல்கூரை, உட்காரவும் படுக்கவும் ஒரு திண்ணை, பக்கத்தில் கிணறு. கதவு கிடையாது. கருங்கல்லில் செய்ததால்தான் இத்தனை மழைக்காலம் தாண்டி அவற்றில் பல நிற்கின்றன. கல்வேலை தெரிந்த மயிலாடியில் இதைச் சொல்லும்போது, அந்த வேலையின் அருமையை விளக்கத் தேவையில்லை.

ஆனால் இந்த நட்பான வழிகள் எல்லோருக்கும் நட்பாக இருந்ததில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பழமையைப் புகழ்ந்த பாவம் சேரும். திருவிதாங்கூர் அரசு நடத்திய ஊட்டுப்புரைகளில் இலை போட்டது பிராமணர்களுக்கு. கோயில் தெருக்களில் பெருவாரியான மக்கள் கால்வைக்க முடிந்ததில்லை. மகாராசன் சிதம்பரத்துக்கு நடந்த அந்தக் காலத்தில், அவருடைய சாம்பவர் சமூகத்தில் பிறந்தவருக்கு எத்தனை ஊர்களின் கிணறு திறந்திருக்கும், எத்தனை அம்பலத்தின் திண்ணை கிடைத்திருக்கும்? சில ஊர்களில் அவரைத் தங்கச் சொல்லவே ஆளில்லை, வழியனுப்புவது எங்கே? இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பரில்.

அந்தப் பூட்டை உடைத்தவர்களும் நடந்தவர்கள்தாம். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் இறைக்க முத்திரிக்கிணறு வெட்டுவித்தார், சேர்ந்து உட்கார்ந்து உண்ணச் செய்தார். அவர் வழியில் ஊர்தோறும் எழுந்த நிழல்தாங்கல்களில் வந்தவன் யார், எந்தச் சாதி என்ற கேள்வியில்லாமல் பசியாற்றினார்கள். இன்றும் மாசி 20ஆம் நாள் அவர் பிறந்தநாளுக்கு நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்குப் பெருங்கூட்டம் நடந்து போகிறது. அதற்கு முன்பே, 1924 நவம்பரில், கோயில் தெருவில் நடக்கும் அதே உரிமைக்கான வைக்கம் போராட்டத்துக்கு ஆதரவாக இரண்டு நடைக்குழுக்கள் திருவனந்தபுரத்தை நோக்கிக் கிளம்பின. வடக்கே வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் ஒன்று. தெற்கே நாஞ்சில் நாட்டிலிருந்து டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் ஒன்று. வழியிலிருந்த ஊர்கள் மாலை போட்டு வரவேற்றுச் சோறு போட்டன. மாலையோடு அங்கேயே நின்றிருந்தால் அது ஊர்வலத்தோடு முடிந்திருக்கும். மறுநாள் கிளம்பியதால்தான், உயர்சாதியினர் 25,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனு ரீஜென்ட் மகாராணி சேது லட்சுமிபாயின் கையில் போய்ச் சேர்ந்தது.

வினோபா பாவேயை இங்கே நினைக்காமல் போக முடியாது. 1957 ஏப்ரலில் கன்னியாகுமரிக் கடற்கரையில், கிராம சுயராஜ்யம் வரும்வரை நடையை நிறுத்துவதில்லை என்று உறுதி எடுத்தார். நிலமற்றவர்களுக்கு நிலக்கொடை கேட்டு 1951இல் அவர் தொடங்கிய பூதான நடை பதின்மூன்று ஆண்டுகள் ஓடியது. பெரும்பாலும் ஒரு ஊரில் ஒரு நாள், விடியும் முன்பே அடுத்த ஊருக்குப் புறப்பாடு. நிலம் கொடுத்த ஊரில் இன்னும் ஒரு நாள் இருந்து சாப்பிட்டுப் போங்கள் என்று எத்தனை பேர் கையைப் பிடித்திருப்பார்கள்!

இனி, நம் மாவட்டத்தில் ஆண்டுக்கொருமுறை கண்முன் நடப்பதைப் பார்ப்போம். மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள் முஞ்சிறை திருமலைக் கோயிலில் தொடங்குகிறது சிவாலய ஓட்டம். திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று பன்னிரண்டு சிவாலயங்கள், கடைசியில் திருநட்டாலம். 100 கிலோமீட்டருக்கு மேல். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, இடுப்பில் திருநீற்றுப் பை, வாயில் "கோவிந்தா, கோபாலா". சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் திருமாலைக் கூவி அழைப்பது இந்த ஓட்டத்தின் தனி அழகு. ஒவ்வொரு கோயில் குளத்திலும் ஆற்றிலும் முங்கி, ஈரத்தோடே கும்பிட்டு, ஈரத்தோடே அடுத்த கோயிலுக்கு ஓட வேண்டும்.

நடு இரவுக்கு மேல் ஓட்டக்காரரின் கால் கனத்துப்போகும். அப்போது ரோட்டோரத்தில் ஒரு வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு, அண்டாவில் சுக்கு நீர் கொதிக்கும். பக்கத்தில் மோர், பானகம், கஞ்சி, பழம். கட்டிலில் ஒரு பாட்டி உட்கார்ந்து, "எந்த ஊரு மக்கா?" என்று கேட்பார். "இரி, கால நீட்டு" என்று சொல்ல அவருக்கு ஆசைதான். சொல்லமாட்டார். உட்கார்ந்துவிட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், எழுந்திருக்க முடியாது என்பது அந்தப் பாதையோர வீடுகளுக்கெல்லாம் தெரியும். வீட்டுப் பையன் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓட்டக்காரரோடு பத்தடி கூடவே ஓடுவான். குடித்து முடித்ததும் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, அடுத்தவருக்கு நிரப்புவான். உபசரிப்பில் இதைவிட நுட்பமான ஒன்றைக் காண்பது அரிது. தடுத்து நிறுத்தாமலே தாகம் தீர்க்கிறார்கள்.

இந்த அறிவு நம் மக்களிடம் இன்னும் இருக்கிறது. அதைச் சுமந்து நின்ற கற்கள்தாம் போய்க்கொண்டிருக்கின்றன. சாலையை அகலப்படுத்தும்போது சுமைதாங்கி இடறுகிறது, ஒரு ஜேசிபி இழுத்துத் தள்ள ஐந்து நிமிடம் போதும். குறுக்குக்கல் யாரோ ஒருவர் வீட்டு வாசற்படி ஆகிவிடுகிறது. வழியம்பலத்தில் விளம்பரத் தட்டி கட்டுகிறார்கள், கிணற்றில் குப்பை விழுகிறது. சுமை தூக்கி நடக்கிறவர்கள் இல்லாத காலத்தில் இது எதற்கு என்று கேட்கிறார்கள். நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிவாலய ஓட்டக்காரர், சாமித்தோப்புக்குப் போகிறவர், திருச்செந்தூருக்கு முருக பக்தர், கன்னியாகுமரியில் தொடங்கி வடக்கே காசுமீரம்வரை நடக்கக் கிளம்புகிற இளைஞர் என்று ஆண்டு முழுதும் யாரோ ஒருவர் இந்த மாவட்டத்துச் சாலையோரத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறார். அவர்களுக்கு நிழலும் நீரும் இரவில் ஒரு விளக்கும், பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறையும் வேண்டும். பேருந்து நிறுத்தக் கூரையில் இரவைக் கழிக்கச் சொல்வது நாஞ்சில் நாட்டுக்கு அழகில்லை.

எனவே இந்த அவையிடம் ஒரு வேலையை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. அகஸ்தீஸ்வரம் வட்டத்தில் தொடங்கலாம். ஒவ்வொரு ஊரிலும் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் சேர்ந்து, நின்றுகொண்டிருக்கும் சுமைதாங்கி, விழுந்து கிடப்பது, வழியம்பலம், அதன் கிணறு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். எந்தச் சாலை, எத்தனை அடி உயரம், எழுத்து இருந்தால் என்ன எழுத்து, யார் நினைவாக வைத்தது என்று அந்தக் குடும்பத்தார் சொல்வது என்ன என்று குறித்து, ஒரு படமும் எடுக்க வேண்டும். அந்த நோட்டின் நகல் ஊராட்சியிலும் நெடுஞ்சாலை அலுவலகத்திலும் இருந்தால், சாலை வேலை வரும்போது கல்லைப் பெயர்த்துப் பத்தடி தள்ளி நட்டுக்கொள்ளலாம். விழுந்ததைத் தூக்கி நிறுத்தவும் உடைந்த குறுக்குக்கல்லுக்குப் பதில் புதிதாக ஒன்று அடித்துத் தரவும் மயிலாடிப் பட்டறைகளில் கை இருக்கிறது. புதிதாக நடும்போது ஒன்றை மட்டும் மாற்றிவிடாதீர்கள்: உயரம் தோள்மட்டமே இருக்கட்டும்.